கவாத்து வலி

ஓடைப்பட்டியில் என் பெயருக்கு முன்னால் ‘கவாத்து’ என்று ஒரு பட்டம் உண்டு. யாரும் மேடை போட்டுக் கொடுத்ததல்ல. ஊரில் ராஜபாண்டி என்று நாலு பேர் இருப்பதால், திராட்சைக் கொடி வெட்டுகிறவன் என்று அடையாளம் சொல்ல வைத்தது. நான்தான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு முப்பது வருஷம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். அந்த நெஞ்சுக்குள் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டே வந்ததும், நான் சாவுக்குப் பக்கத்தில் நின்று பீடி குடித்ததும் பிறகுதான் தெரிந்தது.

கவாத்து பார்ப்பதற்குச் சுலபமான வேலை. தலைக்கு மேலே கம்பிப் பந்தல். காலையிலிருந்து சாயங்காலம் வரை இரண்டு கையையும் தூக்கியபடியே நிற்க வேண்டும். இடது கை கொடியை வளைத்துப் பிடிக்கும், வலது கை கத்தரியை அழுத்தும். முதல் வாரத்தில் எல்லாருக்கும் கை கழன்று விழுவதுபோல் இருக்கும். அதற்கு நானே ஓர் எண்ணெய் வைத்திருந்தேன். வேப்பெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, இறக்கும்போது கற்பூரம் சேர்ப்பது. மூன்று தெரு தள்ளி நிற்கிறவனும் மூக்கைப் பொத்துவான்.

“கை வலிக்குதுண்ணே” என்று யார் வந்தாலும், அவன் வாயை மூடுவதற்குள் நான் பாட்டிலைத் திறந்துவிடுவேன். “கவாத்து வலிடா, மூணு நாள்ல ஓடிரும்.” பெரும்பாலும் ஓடிவிடும். ஓடியதெல்லாம் என் கைராசி என்றே நம்பினேன். டாக்டர் என்று ஒரு போர்டு மாட்டுவது ஒன்றுதான் பாக்கி.

ஆறு வருஷத்துக்கு முன் என் அண்ணன் சின்னக்கருப்பு பந்தலுக்குள்ளேயே சாய்ந்து இறந்தபோதும், “வெயில் தாக்கிருச்சு” என்று சொன்னது நான்தான். ஊரும் தலையாட்டியது. முந்தின நாள் அவர் கையை நான் அரைமணி நேரம் தேய்த்துவிட்டதை மதினி கஸ்தூரியம்மாள் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து நல்ல தம்பியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன கவாத்தில் என் கை வலிக்க ஆரம்பித்தது. நாலு கொடி வெட்டுவதற்குள் இடது கை தோளிலிருந்து கனக்கும், நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போலிருக்கும். உட்கார்ந்தால் ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிடும். ஐம்பத்தாறு வயதில் வெட்டு பிந்துகிறது என்று ஊர் பேசினால் பட்டம் என்ன ஆவது? ஆகவே கத்தரியைத் தீட்டுகிற சாக்கில் உட்கார்ந்தேன். அந்த வாரம் நான் தீட்டிய தீட்டில் கத்தரி பாதியாகத் தேய்ந்துவிட்டது. வீட்டில் என் எண்ணெயை நானே தேய்த்துக்கொண்டேன். ராசியான கை என் கைக்கு மட்டும் வேலை செய்யவில்லை.

என் மனைவி பவுனு அதிகம் பேசமாட்டாள். பேசினால் என்னிடம் பதில் இருக்காது.

“கத்தரிய எந்தக் கையில புடிக்கிறீக?” என்றாள்.

“வலது கையில. இது என்ன கேள்வி?”

“அழுத்துற கை சும்மா இருக்கு, புடிக்கிற கை மட்டும் எதுக்கு வலிக்குது?”

“கவாத்து வலின்னா அப்படித்தான். உனக்கென்ன தெரியும்?”

“நேத்து மோட்டார் ரூம் மேட்டுல ஏறும்போது நெஞ்சப் புடிச்சுக்கிட்டு நின்னீகளே, அங்கன எந்தக் கொடிய வெட்டுனீக?”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பதில் இல்லாதபோதெல்லாம் எனக்கு அப்படி ஏறும். அவள் அதைக் கண்டுகொள்ளாமல் மறுநாள் என்னைத் தேனி பஸ்ஸில் ஏற்றி, தானும் கூடவே ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஓடுகிற பெல்ட் மேல் நடக்கச் சொன்னார்கள். நாலாவது நிமிஷத்தில் அவர்களே பதறி நிறுத்தினார்கள். அடுத்து ஸ்கேன். டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, “இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய்ல சுண்ணாம்பு படிஞ்சிருக்கு. கால்சியம் ஸ்கோர் எழுநூத்திப் பன்னெண்டு” என்றார். நான் பள்ளிக்கூடத்தில் வாங்கிய மார்க்கையெல்லாம் கூட்டினாலும் அவ்வளவு வராது.

சுண்ணாம்பு என்றதும் எனக்குள் இருந்த டாக்டர் விழித்துக்கொண்டான். “நாங்க திராட்சைக்கு மருந்தடிக்க மயில்துத்தத்தோட சுண்ணாம்பு கலக்குவோம். முப்பது வருஷமா மூக்குல ஏறுனது அங்கன போயி ஒக்காந்துக்கிருச்சோ?”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “மருந்தடிச்சதால இல்லை. உங்க பீடி, பிரஷர், கொழுப்பு. குழாய்ச் சுவர்ல கொழுப்பு சேந்து, அதுமேல கால்சியம் படியும். பாதை சுருங்கிடும். உக்காந்திருக்கும்போது வர்ற ரத்தம் இதயத்துக்குப் போதும். கையத் தூக்கி வேலை செஞ்சா, மேட்டுல ஏறினா பத்தாது. அந்த வலிதான் கைக்கும் இறங்குது.”

சொட்டு நீர்க் குழாயில் உப்பு அடைத்தால், வரிசையின் கடைசிக் கொடி உச்சி வெயிலில் மட்டும் வாடும். காலையில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஊரில் யாருடைய தோட்டமானாலும் அதை வரப்பில் நின்றே கண்டுபிடித்துச் சொல்கிறவன் நான்.

“குடும்பத்துல யாருக்காவது இதய நோய் இருந்துச்சா?” என்று கேட்டார்.

“இல்லைங்க. எங்க அண்ணன்கூட வெயில் தாக்கித்தான் போனாரு.”

“அதுக்கு முன்னாடி ஏதாவது வலின்னு சொன்னாரா?”

“கை வலின்னாரு. கவாத்து...” என்று தொடங்கியவன் நின்றுவிட்டேன்.

“எந்தக் கை?”

அன்றைக்கு அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. ஆனால் தேய்த்த கைக்குத் தெரியும். அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு எனக்கு நீட்டியது இடது கை. எண்ணெய் வழிய வழியத் தேய்த்து, “காலையில வெட்டுக்கு வந்துருண்ணே” என்று சொல்லி அனுப்பினேன். டாக்டரம்மா முன்னால் நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். பவுனு என் முதுகில் கையை வைத்துக்கொண்டாள்.

இரண்டு இடத்தில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். பீடியை விட்டேன். என் இடது கை வலி இதய வலியாக இருந்த கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. இந்த வருஷம் மற்றவர்கள் வெட்ட, நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறை சொல்கிறேன். பேசாமல் முதலிலிருந்தே அந்த வேலையைச் செய்திருக்கலாம் என்கிறார்கள், அவ்வளவு பொருத்தமாக இருக்கிறதாம். மதினியிடம் மட்டும் அண்ணன் கையைப் பற்றி என்னால் சொல்ல முடியவில்லை. அவர் வீட்டு வழியாகப் போவதையே விட்டிருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை அவரே வந்துவிட்டார்.

“கை வலிக்குது தம்பி. எண்ணெ இருந்தா கொஞ்சம் குடுங்க.”

பழக்க தோஷத்தில் பாட்டிலை எடுத்துவிட்டேன். மூடியில் கை வைத்தபடி, “எந்தக் கை மதினி?” என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்திருந்தது. கோபம் இருக்கிறதா என்று தேடினேன், தெரியவில்லை.

“எனக்கு வலதுதான் தம்பி” என்றார். “அவுகளுக்குத்தான் இடது.”

பாட்டிலை வைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தேன். “வலதா இருந்தாலும் டாக்டரம்மாட்ட ஒருக்காக் காட்டிட்டு வந்துருவோம். கிளம்புங்க மதினி” என்றேன்.