கல் கரை வைத்த திட்டு

மலையிலிருந்து இறங்கும் ஓடை ஏரியில் விழுவதற்குச் சற்று முன்னால் இரண்டாகப் பிரியும். நடுவில் வண்டல் சேர்ந்து உண்டான நான்கு ஏக்கர்தான் திட்டு. ஏரி நிறைந்தால் நீரும் நிலமும் ஒரே மட்டம். சுற்றிலும் இடுப்புயர மண்கரை இருந்ததால்தான் அங்கே கேழ்வரகு விளைந்தது. மேட்டுக் கொல்லையைவிட இரண்டு பங்கு.

ஆறு குடும்பங்களின் நிலம். கரையையும் ஆறாகப் பிரித்திருந்தார்கள். ஆடியில் அவரவர் பங்குக்கு அவரவர் களிமண் சுமந்து மிதிக்க வேண்டும். மழைக்காலத்தில் கரையைச் சுற்றிவந்து நண்டு வளைகளை அடைப்பது சின்னக்குழந்தை என்பவரின் வேலை. ஐம்பது வயது அவருக்கு. தோள்வரை கையை விட்டு நண்டைப் பிடுங்கிப் போட்டு, புல் பிசைந்த களிமண்ணைத் திணிப்பார்.

மலையில் அவருக்குப் பெயர் வேறொன்றுக்காக. சரிவுக் கொல்லைகளில் அவர் அடுக்கிய கல்வரப்பு ஒன்றுகூடச் சரிந்ததில்லை. மண் பூசமாட்டார், வெறும் கல்தான். "கல்லு தண்ணிய வுடணும், மண்ணப் புடிக்கணும்" என்பார்.

எழுபத்தேழாம் வருஷம் ஆடியில் அவருடைய அண்ணன் மகன் தங்கவேல் கூடையைக் கீழே போட்டான்.

"இன்னா சித்தப்பா, வருசா வருசம் சேத்துல பொரண்டு எருமையா ஆய்ட்டோம். மேல அம்மாம் வரப்பு கட்ன கைக்கு இங்க நாலு கல்லு வைக்க வராதா?"

"அந்தக் கை நண்டுக்கு வாக்கப்பட்டுது" என்றாள் அவர் மனைவி குப்பம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மறுநாளே கல் பிளக்கப் போய்விட்டார்.

மண்கரையை வெட்டி அகற்றிவிட்டுக் கல் அடுக்கினார்கள். புரட்டாசிக்குள் திட்டைச் சுற்றிச் சுவர் நின்றது. பார்க்க அழகாக இருந்தது. அந்த வருஷம்தான் முதல்முறையாக, மழை பெய்யும்போது சின்னக்குழந்தை வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

ஐப்பசியில் மூன்று நாள் மழை. தண்ணீர் சுவரைத் தாண்டவில்லை. கல் இடுக்குகளின் வழியே, சரிவில் வருவதைப் போலவே, தெளிவாக உள்ளே வந்தது. சரிவில் அது கீழே ஓடிவிடும். இங்கே ஓட இடமில்லை. மூன்றாம் நாள் உச்சிப்பொழுதுக்குள் கதிர் பிடித்த கேழ்வரகு முழங்காலளவு நீரில் நின்றது. எல்லோரும் ஓடிவந்து இடுக்கில் திணித்த களிமண் கரைந்து வயலுக்குள்ளேயே வந்தது. கல்லின் பாரம் தாங்காமல் அடியில் வண்டல் இளகி, தங்கவேலின் பங்குச் சுவர் படுக்கப்போகும் மாடுபோல மெல்ல இறங்கியது.

"சித்தப்பா, கல்ல எடுத்துடலாம்!"

"எடுத்தா கீழ கரை எங்கடா கீது? நாமதான வெட்டிப் போட்டோம்."

கதிர் செடியிலேயே முளைத்துப் போயிற்று. யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பார்.

அடுத்த ஆடிக்குள் இரண்டு குடும்பங்கள் ஒடுகத்தூருக்குக் கூலிக்குப் போய்விட்டன. ஆறு பங்கு மண்ணை நான்கு குடும்பம் சுமக்க முடியுமா? அந்த வருஷ மழையில் ஓடை திட்டின் நடுவிலேயே வழி வெட்டிக்கொண்டது. எண்பதில் ஏரிக்குள் ஒரு கல்வரிசை மட்டும் தெரிந்தது, அதன்மேல் நீர்க்காக்கைகள்.

பிறகு அவர் மலைச்சரிவில் அரசாங்கக் கல்வரப்பு வேலைக்குப் போனார். முதல் மழையில் மேஸ்திரி வந்து பார்த்தார். மண் அப்படியே நின்றது. இடுக்குகளில் தண்ணீர் தெளிவாகக் கசிந்தது.

"பலே பெரியவரே! யாருகிட்ட கத்துக்கினீங்க?"

சின்னக்குழந்தை கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு, அந்தத் தண்ணீரை மிதிக்காமல் தாண்டிப் போனார்.