ஐந்து வளையப் பூட்டு

திருச்சியிலிருந்து வந்து மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கிய காலையில், அப்பா பிளாட்பாரத்திலேயே சரிந்து விழுந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் பேச்சும் போயின. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து அபிராமபுரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். விழுந்ததில் அவருடைய மூக்குக் கண்ணாடி உடைந்திருந்தது. மாற்றுக் கண்ணாடி அவர் கொண்டுவந்த பெட்டிக்குள். பெட்டியில் எழுத்துப் பூட்டு.

பாண்டி பஜாரில் அவரே ஆசைப்பட்டு வாங்கியது அது. ஐந்து வளையங்கள், ஒவ்வொன்றிலும் ஆங்கில எழுத்துகள். எந்த ஐந்தெழுத்துக்குத் திறக்க வேண்டும் என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். வீட்டில் ஐந்து பேர், ஆளுக்கொரு முதலெழுத்து என்று மட்டும் சொல்லியிருந்தார். ஐந்தும் வேறு வேறு எழுத்துகள். வரிசையைச் சொல்லவில்லை.

வயது வரிசையாகத்தான் இருக்கும் என்று அண்ணன் அப்பாவில் தொடங்கித் தங்கைவரை வைத்துப் பார்த்தான். திறக்கவில்லை. உடைத்துவிடலாமா என்று கேட்டான். அப்பா இடது கையை ஆட்டி வேண்டாம் என்றார். வரிசை என்ன என்று கேட்டபோது அவர் விரல் எங்கள் எல்லோர் பக்கமும் மாறி மாறி அலைந்தது. கண் கலங்கிவிட்டது. அதற்குமேல் யாரும் அவரைக் கேட்கவில்லை.

நான் அப்போது பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் வருஷம். ஐந்து எழுத்துகளை நூற்றிருபது விதமாக அடுக்கலாம் என்றேன். அண்ணன் பெருமூச்சு விட்டான்.

"என் எழுத்துதான் முதல்ல. கடையிலயே சொன்னார்" என்றாள் அம்மா, கொஞ்சம் கூச்சத்தோடு.

முதல் இடம் நிலைத்துவிட்டால் மிச்சம் நான்கு எழுத்துகள். இருபத்துநான்கு விதம்தான்.

ஒன்றும் விட்டுப்போகாதபடி ஒழுங்காகப் போனோம். இரண்டாம் இடத்தில் அப்பாவை நிறுத்தி மற்ற மூவரையும் ஆறு விதமாக மாற்றினேன். பிறகு அண்ணனை, பிறகு என்னை. நான் சொல்லச் சொல்லத் தங்கை வளையங்களைத் திருப்பினாள். பூட்டு அசையவில்லை. தங்கையை நிறுத்தியும் ஐந்து போயின. அம்மாவுக்குத் தப்பாக நினைவிருக்கிறதோ என்று தோன்றியது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்லாமல் விட்டேன். மிச்சம் ஒன்றே ஒன்று: அம்மா, தங்கை, நான், அண்ணன், அப்பா.

கொக்கி விடுபட்டது.

அம்மா கண்ணாடியை மாட்டிவிட்டாள். அப்பா எங்களை ஒவ்வொருவராக நிதானமாகப் பார்த்தார்.

பேச்சு மெல்லத்தான் திரும்பியது, அதுவும் முழுசாக இல்லை. சில மாதங்கள் கழித்து ஒரு மாலையில், ஏன் அந்த வரிசை என்று கேட்டேன். வெகுநேரம் வார்த்தையைத் தேடினார்.

"பஸ்ல... ஏத்தற மாதிரி."

பனகல் பார்க் நிறுத்தத்தில் அம்மா முதலில் ஏறி இடம் பிடிப்பாள். சின்னவளில் தொடங்கி எங்களை ஒவ்வொருவராக ஏற்றிவிட்டு, வண்டி நகரும்போது அப்பா கடைசியாகத் தொற்றிக்கொள்வார்.