பெயரில்லாத மூங்கில்கள்

'தோழர் யிங் சாய்தி, மூங்கில் நோய்த் தடுப்புக் காவலர். அமைதியான சுபாவம் கொண்டவர். கனிவான சொற்களால் மக்களுக்கு அறிவியல் விளக்கம் அளித்தார். மக்கள் தாமே முன்வந்து நோயுற்ற மூங்கில்களை அகற்றினர்.'

ஊர் அலுவலகச் சுவரில் இப்படி எழுதிக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. சாய்தி வாயைத் திறந்தால் எதிர்க்குன்றில் மேய்கிற ஆடு தலையைத் தூக்கிப் பார்க்கும். கூட்டத்தில் அதிகம் கத்துகிறாளே, வேலை கொடுத்தால் அடங்குவாள் என்று ஊர்க் கட்சிச் செயலாளர்தான் அவளைக் காவலராக்கினார். அவள் அடங்கவில்லை. கத்துவதற்குச் சம்பளம் வந்தது, அவ்வளவுதான்.

அந்தக் குளிர்காலத்தில் குன்று முழுக்க மூங்கிலில் துரு நோய். தண்டின் அடிக்கணுக்களில் ஆரஞ்சுக் கம்பளியைக் கிழித்து ஒட்டியதுபோல் பூஞ்சை. வசந்தத்தில் அந்தக் கம்பளி உதிர்ந்து, அடியிலிருந்து மஞ்சள் தூள் காற்றில் கிளம்பும். அதற்குள் நோய்த்தண்டுகளை வெட்டி எரிக்காவிட்டால் அடுத்த வருஷம் குருத்து தேறாது. சாய்தியின் தோப்பு குன்றின் அடியில். மேலே யார் தோப்பில் தூள் பறந்தாலும் வந்து இறங்குவது அவள் தலையில்தான். குருத்து விற்றுத்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"யார் மூங்கிலில் துருவோ அவரே வெட்ட வேண்டும். வெட்டாதவர் பெயர் தினமும் காலையில் ஒலிபெருக்கியில் வரும்" என்று செயலாளர் உத்தரவு போட்டார். பெயர் கண்டுபிடிப்பது சுலபம். அந்த ஊரில் இளமூங்கில் நிமிர்ந்ததுமே உரிமையாளர் அதன் மேல் பெயரையும் வருஷத்தையும் மையால் எழுதிவிடுவார். பிள்ளைக்குப் பெயர் வைக்கத் தாமதமானாலும் மூங்கிலுக்குத் தாமதமாகாது.

ஒரே வாரத்தில் நோய்மூங்கில்கள் எல்லாம் பெயரை இழந்தன. குளிர்காலக் குருத்து தோண்டப் போகிறேன் என்று கத்தியோடு ஏறியவர்கள் பெயரைச் சுரண்டிவிட்டு இறங்கினார்கள். அதே கத்தியால் துருவைச் சுரண்டியிருந்தால் பாதி நோய் போயிருக்கும். அது யாருக்கும் தோன்றவில்லை.

சாய்தி ரம்பத்தோடு மேலேறினாள். ஊரும் வேடிக்கை பார்க்கப் பின்னால் வந்தது. முதல் தோப்பு அவள் கணவனின் அண்ணன் கென்ஃபாவுடையது. சுற்றிலும் அவர் பெயர் எழுதிய மூங்கில்கள், நடுவே பெயர் சுரண்டப்பட்டு, துருப்பிடித்த மொட்டைத் தண்டு ஒன்று, தொடை கனத்தில்.

"பெரியத்தான், இது யாருது?"

"தெரியலையேம்மா."

"உங்க தோப்புக்கு நடுவுல நிக்குது."

"நின்னா? என் பேரா எழுதியிருக்கு?"

"சரிதான். பாவம், அநாதை." சாய்தி ரம்பத்தை வைத்தாள்.

"ஏய், ஏய்! நல்ல மூங்கிலும்மா, கூரைக்குன்னு வச்..."

"யாரு வச்சது?"

கென்ஃபா ரம்பத்துக்கு வழிவிட்டு ஒதுங்கினார். மூங்கில் சாய்ந்தது. கூட்டம் சிரித்தது. ஆனால் அடுத்த தோப்புக்காரர் சிரிக்கவில்லை, அடுத்தது அவருடையது. அவருக்கும் தெரியவில்லை. அதற்கடுத்தவருக்கும் தெரியவில்லை. இத்தனை அறியாமையை அந்தக் குன்று அதுவரை கண்டதில்லை.

கடைசியில் அடிவாரம். சாய்தியின் தோப்பு. அங்கேயும் நல்ல கனமான மொட்டைத் தண்டுகள், அடியில் ஆரஞ்சுக் கம்பளியோடு. சுரண்டிய இடம் மற்றவர்களுடையதைவிடப் பழசாய்க் காய்ந்திருந்தது. காவலர் பெயரே முதலில் ஒலிபெருக்கியில் வந்துவிடுமோ என்று அவள்தான் ஆரம்பித்து வைத்திருந்தாள். ஊர் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டது.

கென்ஃபா முன்னால் வந்தார். முகம் மலர்ந்திருந்தது. "ஏம்மா சாய்தி, இது யாருது?"

என்னுடையது என்று சொன்னால், மேலே வெட்டிய அநாதைகளுக்கெல்லாம் சொந்தக்காரர்கள் முளைத்து அவளிடம் கணக்குக் கேட்பார்கள். சாய்தி அந்தத் தண்டுகளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள்.

"தெரியல, பெரியத்தான்."

"அப்ப ரம்பத்தை இப்படிக் கொடு. நீ பாவம், களைச்சுப் போயிருப்ப."

அவர் அவ்வளவு உற்சாகமாக வேலை செய்து யாரும் பார்த்ததில்லை.

கண்ணாடிக்குள் இருப்பது செயலாளர் எழுதியது. சாய்தி செய்தது இது: முதலில் தன் நோய்மூங்கில்களில் பெயரை அழித்தாள். பிறகு வசந்தத்துக்கு முன்பாக, தன்னுடையதையும் சேர்த்து, குன்றில் பெயரில்லாமல் நின்ற மூங்கில் அத்தனையையும் விழவைத்து எரித்தாள்.