வேறு அடுப்பு

கிராம சேவகர் அடுப்புப் பார்க்க வந்த அன்று வீட்டில் இருந்தவர்கள் இவர்கள். வாப்பா, முன்னுக்குக் கதிரையில். உம்மா, பின்பக்கம் விறகுக்குப் பக்கத்தில். நான், தையல் மெஷினில். என் மகள், பள்ளிக்கூட உடுப்பு மாற்றாமல். பக்கத்து வீட்டு ராத்தா, யாரும் கூப்பிடாமல் வந்து வாசற்படியில். பிறகு கிராம சேவகர், கையில் ஒரு ஃபைலோடு.

ஒரு வீட்டில் எத்தனை அடுப்பு எரிகிறது என்று பார்க்க அரசாங்க ஆள் ஏன் வருகிறார் என்று கேட்பீர்கள். அதைத்தான் எழுதுகிறேன். எனக்கு எட்டாம் வகுப்புவரை படிப்பு. சுருக்கமாகத்தான் வரும்.

நான் தைக்கிறவள். கல்யாணம் முடித்து ஐந்தாறு வருடத்தில் பிள்ளையோடு வாப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தேன். ஏன் என்று எழுதப்போவதில்லை. வந்த அன்று வாப்பாவும் அதைக் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். அடுத்த கிழமை அவருடைய கட்டில் முன் அறையிலிருந்து நடு வீட்டுக்குப் போயிருந்தது. முன் அறையில் ஜன்னலோரம் உம்மாவின் தையல் மெஷின். எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்திருந்தார்கள்.

முதலில் பெண்கள் உடுக்கிற ஹபாயா தைத்தேன், பள்ளிக்கூட உடுப்புத் தைத்தேன். பிறகு பட்டம் வந்தது.

கற்பிட்டிக் களப்பில் காற்றுக் காலத்துக்கு வெள்ளைக்காரர் வருவார்கள். இடுப்பில் பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு, பலகையில் நின்று தண்ணீர் மேல் ஓடுவார்கள். ஒரு பட்டம் எங்கள் முன் அறையை விட நீளம். விழுந்தால் கிழியும். அங்கே வேலை செய்கிற கற்பிட்டித் தம்பி ஒருவர் கிழிந்த பட்டம் ஒன்றை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். டவுனில் உள்ள தையல்காரர் எல்லாரும் முடியாது என்று விட்டார்களாம். நான் பழைய தையல் எப்படி ஓடியிருக்கிறது என்று பார்த்து, அதே மாதிரி ஓட்டினேன். முதல் தரம் பிழையாய்ப் போனது. உப்புப் போகக் கழுவாமல் தைத்ததால் ஒட்டு நாடா கழன்றுவிட்டது. நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, மறுபடி தைத்தேன். பிடித்தது. அதன் பிறகு கிழிகிற பட்டமெல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான். முற்றத்துக் கயிற்றில் பச்சையும் மஞ்சளுமாகத் தொங்கும். ரோட்டால் போகிறவர்கள் பஸ்ஸில் எழும்பி நின்று பார்ப்பார்கள்.

இரண்டு சீசன் அப்படிப் போனது. பிறகு அந்தத் தம்பி வந்து நின்று தலையைச் சொறிந்தார்.

“அக்கா, முதலாளி சொல்லிட்டார். பதிவு நம்பர் போட்ட பில் வேணுமாம். இல்லாட்டி வாற சீசன்ல வேலை கொழும்புக்குப் போயிடும்.”

பதிவது பிரதேச செயலகத்தில். அதற்கு நான் இங்கே வசிக்கிறேன் என்று கிராம சேவகரின் கடிதம் வேண்டும். போனேன். இளம் ஆள், மரியாதையானவர். வாக்காளர் லிஸ்டை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார். என் பெயர் இல்லை. எப்படி இருக்கும்? எங்கள் வாக்கு மன்னாரில்.

அதையும் சொல்ல வேண்டும். தொண்ணூறில், யுத்த காலத்தில், வடக்கிலிருந்து எங்கள் முஸ்லிம் ஆட்களை எல்லாம் வெளியேற்றியபோது வாப்பாவும் உம்மாவும் மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டியில் வந்து இறங்கினார்கள். நான் இங்கே முகாமில், ஓலைக் கொட்டிலில் பிறந்தவள். இந்தக் காணியும் இந்த வீடும் அதற்குப் பிறகு கஷ்டப்பட்டுச் செய்தது. ஆனால் வாப்பா ஒவ்வொரு வருடமும் எங்கள் பெயரை மன்னார் லிஸ்டில்தான் போட்டு வந்தார். நான் அங்கே போனது காணி பார்க்க ஓரிரு தரம். கிணறு இருக்கிறது. வீடு இருந்த இடத்தில் பற்றை. வாப்பா அதைத் துப்புரவாக்கி வேலி போட்டிருக்கிறார். அங்கே திரும்புகிறவர்களுக்கான அரசாங்க வீட்டுத் திட்டத்தில் பெயர் கொடுத்திருக்கிறார். அது கிடைக்க வேண்டும் என்றால் பதிவு அங்கே இருக்க வேண்டும். இங்கே மாற்றினால் அங்கே வெட்டிவிடுவார்கள்.

ஒரு வீட்டுக்கு ஒரு படிவம், நீங்கள் வாப்பாவின் குடும்பத்துக்குள் இருக்கிறீர்கள், மாற்றுவதென்றால் எல்லாரையும்தான் மாற்ற வேண்டும் என்றார் கிராம சேவகர். அவர் மேல் பிழை இல்லை.

இரவுச் சாப்பாட்டில் இதைச் சொன்னேன். வாப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“மாத்திருவம்,” என்றார்.

தேவையில்லை வாப்பா, ஹபாயா தைத்தாலே போதும் என்றேன்.

“உன்னட்ட நான் கேக்கல்ல மகள்.”

அதோடு எழும்பிக் கை கழுவினார். சோற்றுக் கோப்பையில் பாதி அப்படியே இருந்தது. வாப்பா சோறு மிச்சம் வைக்கிற ஆள் இல்லை. உம்மா அந்தக் கோப்பையைப் பார்த்தார்.

காலையில் மூன்று பேரும் போனோம். வாப்பா வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, அடையாள அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். கிராம சேவகர் படிவத்தை எடுத்து வாப்பா பக்கம் திருப்பி வைத்தார். பேனையும் கொடுத்தார். வாப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டார். அந்த நேரத்தில் கிராம சேவகர், எழுதுகிறவர்கள் சும்மா கேட்கிற மாதிரி, சமையல் எல்லாம் ஒன்றாகத்தானே என்று கேட்டார்.

அதை ஏன் கேட்கிறீர்கள் என்றார் உம்மா.

ஒரே வீட்டுக்குள் இருந்தாலும் வேறாகச் சமைத்தால் வேறு குடும்பம், அப்படி இருந்தால் மகளையும் பேத்தியையும் மட்டும் தனியாக இங்கே எழுதலாம், மற்றவர்கள் இருக்கிற இடத்தில் இருக்கலாம் என்று அவர் விளக்கினார்.

வாப்பாவின் பேனை தாளுக்கு மேலே நின்றது. உம்மா அதைப் பார்த்தார்.

“இண்டைக்கு மட்டும் ஒண்டாச் சமைக்கிறம் சேர்,” என்றார். “நாளையில இருந்து வேற.”

கிராம சேவகர் சிரித்துவிட்டார். “அப்பிடிச் சொல்லி எழுத ஏலாது உம்மா. நான் வந்து பாக்கணும்.”

“வாங்க.”

வாப்பா பேனையை மூடி அவரிடமே கொடுத்தார். வெளியில் வந்து வேலிக்கரையில் கொஞ்ச நேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, வெயில் என்றார்.

அன்று பின்னேரமே உம்மா வேலையைத் தொடங்கினார். பின்பக்கம் விறகுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் மூன்று சீமெந்துக் கல், மேலே இரண்டு தகரம். அது எனக்கு என்று நினைத்தேன். இல்லை. உள் குசினியும் காஸ் அடுப்பும் எனக்கு. கல்லும் விறகும் உம்மாவுக்கு. நான் மறுத்தேன். “உனக்குத் தைக்கிற வேலை இருக்கு. ஊதிக்கொண்டிருக்க நேரமில்ல,” என்றார். அறுபது வயது தாண்டியவர். புகைக்குக் கண் சிவந்துபோய் இருந்தார்.

சட்டி பானை பிரித்தோம். அரிசி பிரித்தோம். தேங்காய் துருவுகிற துருவலை ஒன்றுதான் இருந்தது. அது என் பக்கம் வந்தது. உம்மா தேங்காய் துருவ வேண்டும் என்றால் குசினி வாசலில் வந்து நின்று, துருவலை கொஞ்சம் தருவீங்களா என்று கேட்பார், அயல் வீட்டில் கேட்கிற மாதிரி. முதல் நாள் எனக்கு அழுகை வந்தது. இரண்டாம் நாள் சிரிப்பு வந்தது. பிறகு பழகிவிட்டது.

நான் கேட்டேன், அவர் வருகிற அன்று மட்டும் இப்படி வைத்தால் போதாதா என்று.

“பொய் சொல்லி எடுத்த காயிதத்தில அல்லாஹ்ட பரக்கத் இருக்காது,” என்றார் உம்மா. அதற்கு மேல் கதை இல்லை.

ஆனால் ஊர் அப்படி விடுமா? வேறு அடுப்பு என்றால் எங்கள் பக்கம் சண்டை என்றுதான் அர்த்தம். வாழாமல் வந்த மகளை உம்மா சோற்றிலிருந்து தள்ளி வைத்துவிட்டார் என்று ஒரு கதை. காசு கண்டதும் மகள் பெற்றோரைத் தள்ளிவிட்டாள் என்று இன்னொரு கதை. மீன்காரர் கூட ஒரே மீனை இரண்டாக வெட்டித் தரவா என்று கேட்டார். வாப்பா பள்ளிவாசலுக்குப் போனால் பக்கத்தில் இருப்பவர்கள் பொறுமையைப் பற்றிப் பேசினார்களாம். அவர் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ராத்தா மட்டும் ஒவ்வொரு நாளும் வந்து என் குசினியில் கொஞ்ச நேரம், உம்மாவின் விறகடியில் கொஞ்ச நேரம் இருந்து புத்தி சொல்லிவிட்டுப் போவார்.

இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு கிராம சேவகர் வந்தார். முதலில் சொன்ன ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். அவர் உள்ளே வந்து என் காஸ் அடுப்பைப் பார்த்தார். பருப்பு அடிப்பிடித்திருந்தது. பின்பக்கம் போய் உம்மாவின் கல்லைப் பார்த்தார். சூடை மீன் கொதித்துக்கொண்டிருந்தது. ஃபைலைத் திறந்தார். ராத்தா படியிலிருந்து இறங்கி ஓடி வந்தார்.

“எழுதாதீங்க சேர். நல்லா இருந்த குடும்பம். யார்ட கண் பட்டிச்சோ தெரியாது. எனக்கு ரெண்டு நாள் தாங்க, நான் சேத்து வச்சிர்ரன்.”

கிராம சேவகர் எங்களைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாப்பா கதிரையில் இருந்து வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாங்க சேரல்ல,” என்றார் உம்மா.

“அப்பிடிச் சொல்லாதீங்க. பெத்த புள்ள. அல்லாஹ் கேப்பான்.”

“கேக்கட்டும். நான் சொல்லிக்கொள்ளுறன்.”

ராத்தா முக்காட்டால் கண்ணைத் துடைத்தார். கிராம சேவகருக்குச் சிரிப்பு வந்ததோ என்னவோ, ஃபைலை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டார். பிறகு என் மகளைக் கூப்பிட்டு, எந்தச் சட்டியில் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

“ரெண்டுலயும்,” என்றாள்.

வாப்பா அப்போதுதான் திரும்பினார்.

“அயல் வீட்டுப் புள்ள வந்தாலும் குடுப்பம் தானே சேர்,” என்றார் உம்மா. “அத வச்சா குடும்பம் எண்ணுறது?”

கிராம சேவகர் பேனையைத் திறந்தார். எழுதினார். என் பெயர், மகளின் பெயர். வீட்டு இலக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு ஒன்று என்று போட்டார். போகும்போது உம்மாவிடம் சூடை மீன் நல்ல வாசம் என்றார். உம்மா ஒரு கோப்பையில் போட்டுக் கொடுத்தார். என் பருப்பை யாரும் கேட்கவில்லை.

பிறகு எல்லாம் நேராக நடந்தது. லிஸ்ட் மாறி வரச் சில மாதம் பிடித்தது. கடிதம் கிடைத்தது. காணிக்கு வாப்பா சம்மதக் கடிதம் எழுதித் தந்தார். பிரதேச செயலகத்தில் ஒரு தங்கச்சி படிவத்தை நிரப்ப உதவினார். வியாபாரத்தின் தன்மை என்ற இடத்தில் பட்டம் தைத்தல் என்று எழுதச் சொன்னேன். இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் எழுதினார். சான்றிதழைச் சட்டம் போட்டு மெஷினுக்கு மேலே வைத்திருக்கிறேன். வேலை கொழும்புக்குப் போகவில்லை.

ராத்தாவிடம் விஷயத்தைச் சொன்னேன். நம்பவில்லை. தான் ஓதிய ஓதலில்தான் நாங்கள் மறுபடி முகம் பார்க்கிறோம் என்று நினைக்கிறார். இருக்கட்டும். எங்களுக்காக ஓதியிருக்கிறாரே. அந்தக் கிராம சேவகர் மாற்றலாகிப் போய்விட்டார். தொழுகையில் அவருக்கும் துஆக் கேட்கிறேன்.

அடுப்பு இன்னும் இரண்டுதான். உம்மா விடவில்லை. லிஸ்டில் வேறாக இருக்கிற வரைக்கும் சொன்னபடிதான் இருக்க வேண்டும் என்கிறார். மத்தியானம் அவர் ஒரு கோப்பை மூடி அனுப்புவார், நான் ஒரு கோப்பை மூடி அனுப்புவேன். பதிவுக்குப் பிறகு வந்த முதல் சீசன் காசில் அவருக்கும் ஒரு காஸ் அடுப்பு வாங்கினேன். கல்லைத் தூக்கிப் போடவில்லை, பக்கத்தில் வைத்திருக்கிறார். வீட்டுத் திட்டத்தில் வாப்பாவின் பெயர் இன்னும் வரவில்லை. ஆனால் லிஸ்டில் இருக்கிறது. தேர்தலுக்கு வாப்பாவும் உம்மாவும் பஸ்ஸில் மன்னாருக்குப் போய் வாக்குப் போட்டுவிட்டு, கிணற்றுத் தண்ணீர் ஒரு போத்தலில் கொண்டுவந்தார்கள். நான் இங்கே நடந்து போய்ப் போட்டேன்.

எங்களை வேறாக எழுதிய பிறகு வந்த நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் வாப்பா தராசை எடுத்தார். பெருநாளுக்கு முன் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வீட்டில் உள்ள ஒவ்வொரு தலைக்கும் அரிசி நிறுத்து இல்லாதவர்களுக்குக் கொடுக்க வேண்டும். ஃபித்ரா. முகாமில் இருந்த காலத்தில் புத்தளத்து ஆட்கள் கொண்டுவந்து தந்த அரிசியில்தான் எங்களுக்குப் பெருநாள். உம்மா அதை எப்போதும் சொல்லுவார். பிறகு வாப்பா கொடுக்கத் தொடங்கினார். நான் திரும்பி வந்த பிறகு எனக்கும் மகளுக்கும் சேர்த்து அவர்தான் நிறுத்தார்.

அன்று தனக்கும் உம்மாவுக்கும் நிறுத்துப் பையைக் கட்டினார். தராசை என் பக்கம் தள்ளினார்.

“எங்கட?” என்றேன்.

“உன்ட வீடு. நீதான் குடுக்கணும்.”

என் குசினிக்குப் போய் என் அரிசியை எடுத்து வந்தேன். மகள் பையின் வாயைப் பிடித்தாள். வாப்பா தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆளுக்கு இரண்டு கிலோ நானூறு. இரண்டு பேருக்கு நான்கு கிலோ எண்ணூறு.