மத்தியாஸ் விட்ட குடி

தமிழர்கள் குடியேறிய தீவில், டாலிகஞ்ச் என்ற ஊரில் படகு இன்ஜின் பழுது பார்க்கும் மத்தியாஸ் ஐம்பது வயதாகியும் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. பூசையில் சாமியார் திராட்சை ரசம் குடிப்பதைப் பார்த்ததோடு சரி. அப்பேர்ப்பட்டவனைத்தான் ஊர் பெருங்குடிகாரன் என்று முடிவு கட்டியது. அதற்கு அவனே உடந்தை.

அவனுக்கு எச்.ஐ.வி. இருந்தது. பல வருஷமாக மாத்திரையைத் தவறவிடாமல் போட்டு, பரிசோதனையில் கிருமி தென்படாத அளவுக்கு அதை அடக்கி வைத்திருந்தான். மனைவி லூசிக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாமல் காப்பதே அவனுடைய முழுநேர உத்தியோகம். இன்ஜின் வேலையெல்லாம் மிச்ச நேரத்தில்தான்.

இந்த முறை பரிசோதனைக்குப் போனபோது வங்காளி டாக்டரம்மா தீவு இந்தியில் விளக்கினார். கிருமி பேசாமல் கிடக்கிறது, ஆனால் ஈரல் என்சைம் ஏறியிருக்கிறது. தொப்பையும் வைத்து, சர்க்கரையும் எல்லையைத் தொட்டிருக்கும்போது இது ஈரலோடு நிற்காமல் போகலாம். இருதயத்துக்கு வரப்போகும் வம்புக்கும் இது முன்னறிவிப்பாக இருக்கலாம். "மீட்டா பந்த். ரோஜ் சலோ," என்றார். இனிப்பை நிறுத்து, தினமும் நட. மத்தியாஸ் பயந்துதான் போனான். கிருமியிடம் தப்பியவன் தொப்பையிடம் சாவதா?

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எதிர்வீட்டு ஆக்சிலியா பிடித்துக்கொண்டாள். கோயில் மதுவிலக்குச் சபைக்கு அவள்தான் தலைவி.

"என்ன மத்தியாசு, எப்பப் பாத்தாலும் ஆஸ்பத்திரி? ஒடம்புக்கு என்ன?"

"ஈரல்ல கொஞ்சம் கோளாறு அக்கா."

வாய் தவறிவிட்டது. ஆக்சிலியாவின் கண் கலங்கியது. "பாவம் லூசி! இத்தன நாளா மூடி மறைச்சிருக்காளே!"

மறுக்க வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். குடி இல்லையென்றால் வேறென்ன என்று அடுத்த கேள்வி வரும். குடிகாரனுக்கோ ஊரில் ஓர் இடம் உண்டு. திட்டுவார்கள், தோளில் தாங்கி வீட்டில் கொண்டு விடுவார்கள், அவன் வீட்டுக் கல்யாணத்தில் வயிறாரச் சாப்பிடுவார்கள். மத்தியாஸ் தலையைக் குனிந்தான். "விட்டுருதேன் அக்கா."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மெழுகுவர்த்தி ஏந்தி, தொட்டே பார்க்காததை இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். சபையில் இவ்வளவு சுளுவாகக் குடியை விட்டவன் எவனுமில்லை. கை நடுக்கமில்லை, தூக்கக் கேடில்லை. ஆக்சிலியா பூரித்துப் போனாள். குடியை விட்டவன் நாக்கு இனிப்புக்கு ஏங்கும் என்பது சபையின் வைத்தியம். தெருவே அடுப்பு மூட்டியது. முந்திரிக்கொத்து வந்தது, ரவை லட்டு வந்தது, தேங்காய்ப்பால் பாயசம் தூக்குத் தூக்காக வந்தது. வேண்டாமென்றால், "ஐயோ, மனசு திரும்பவும் பாட்டிலுக்குப் போவுதே!" என்று பதறி இன்னொரு கரண்டி ஊற்றினார்கள். மானத்தைக் காப்பாற்ற மத்தியாஸ் தின்று தீர்த்தான்.

அடுத்த பரிசோதனையில் என்சைம் இன்னும் ஏறியிருந்தது. சர்க்கரையும் எல்லை தாண்டிவிட்டது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. வீட்டுக்கு வந்ததும் லூசி வெடித்தாள்.

"பாயசம் குடிச்சிச் சாவப்போறீரா? அடக்கத்துக்கும் அவியதான் லட்டு கொண்டாருவாவ!"

அன்று சாயங்காலமே ஆக்சிலியா தூக்குச்சட்டியோடு வந்தாள். மத்தியாஸ் அதன் மூடியைத் திறந்து பார்த்தான். நெய் மிதந்தது.

"அக்கா, நான் குடிச்சதே இல்ல. எனக்கு எச்.ஐ.வி. மருந்து சாப்புடுதேன், அது அடங்கித்தான் இருக்கு. இந்தப் பாயசந்தான் என்னயக் கொல்லுது."

ஆக்சிலியா அவன் கையிலிருந்த மூடியைத் திருப்பி வாங்காமல், திறந்த சட்டியோடு போய்விட்டாள்.

அதன்பிறகு ஒரு லட்டுகூட வரவில்லை. சபைக்கு யாரும் அழைக்கவில்லை. தினமும் ஏற்றிக்கொண்டு போகும் ஸ்கூட்டரெல்லாம் அவனைக் கண்டதும் வேகமெடுத்தன. படகுத்துறைக்கு நடந்தே போய் வந்தான். இன்ஜின்கள் மட்டும் வழக்கம்போல வந்தன. இன்ஜினுக்குத் தொற்றாது என்று யாரோ ஊருக்குத் தெளிவுபடுத்தியிருக்க வேண்டும். மத்தியாசுக்கு நெஞ்சு கனத்தது. அது மட்டும் எந்தப் பரிசோதனையிலும் தெரியவில்லை.

மறுபடி போனபோது என்சைம் இறங்கியிருந்தது, சர்க்கரை இறங்கியிருந்தது, தொப்பையைக் காணோம். "கமால் ஹை! கைசே கியா?" எப்படிச் சாதித்தாய் என்று டாக்டரம்மா வியந்தார்.

ஊர்க்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒத்துழைத்தார்கள் என்று மத்தியாஸ் இந்தியில் சொன்னான்.

இப்படி ஓர் ஊர் எல்லா நோயாளிக்கும் வாய்க்க வேண்டும் என்று அவர் மனதார வாழ்த்தினார். பக்கத்தில் நின்ற லூசி அழுதுவிட்டாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து, டாக்டரம்மா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.