அம்மாவுக்கு மூன்று நிமிடம்

எங்கள் அப்பாவுக்குக் கோபம் வருவதற்கு வீட்டில் யாரும் தப்பு செய்ய வேண்டியதில்லை. டெல்லியில் மணி அடித்தால் போதும். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் படகுகளுக்குக் கயிறும் பெயிண்டும் விற்கிற கடை எங்களுடையது. மத்தியானம் சாப்பிட வருகிறவர், நாடாளுமன்றம் நடக்கிற நாட்களில் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். பெரிய கட்சிக்காரர்கள் நீட்டி முழக்குவார்கள். அப்பாவுக்குப் பிடித்த சின்னக் கட்சி உறுப்பினருக்கு மூன்று நிமிடம்தான். அவர் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் மணி அடிக்கும், மைக் அணைந்துவிடும். அப்புறம் வாய் மட்டும் அசையும்.

"தலைய எண்ணி நேரம் குடுத்தா, கொஞ்சப் பேரு உள்ளவன் எப்பம்தான் பேசுவான்?" என்று அப்பா ரசச் சோற்றைப் பார்த்துக் கேட்பார். ஒருநாள் அந்த உறுப்பினர், மற்றவர்கள் குறுக்கிட்டதில் போன நேரத்தைத் தன் கணக்கில் கழிக்கக் கூடாது என்று சண்டை போட்டார். அப்பா எச்சில் கையோடு கைதட்டினார். சட்டையெல்லாம் சோற்றுப் பருக்கை. அந்தச் சட்டையை அம்மாதான் துவைத்தாள்.

அந்த வருஷம் அக்கா ப்ளஸ் டூ முடித்திருந்தாள். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. சேருகிறோமா இல்லையா என்று அந்த வாரத்துக்குள் சொல்லியாக வேண்டும். பெரியப்பாவைக் கேட்காமல் எங்கள் வீட்டில் ஒரு துரும்பும் அசையாது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சாத்தான்குளத்திலிருந்து பெரியப்பா வந்துவிட்டார். துணைக்கு இரண்டு சித்தப்பாக்கள்.

வழக்கமாக இப்படிக் கூடினால் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள், கடைசியில் பெரியப்பா சொன்னது நடக்கும். அன்றைக்கு அப்பா, முறையாகப் பேசுவோம், நேரம் ஒதுக்கிப் பேசுவோம் என்றார். சபாநாயகர் யார் பக்கமும் சாயாதவராக இருக்க வேண்டுமாம். நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என்னைப் பிடித்துச் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே நாற்காலியில் உட்காரவைத்து, பூஜை மணியைக் கையில் கொடுத்தார். எனக்குக் கால் தரையில் படவில்லை.

இங்கேயே படிக்கட்டும் என்ற கட்சியில் பெரியப்பாவும் சித்தப்பாக்களும் மூன்று பேர். பெரிய கட்சி என்பதால் அவர்களுக்குப் பதினைந்து நிமிடம். கோயம்புத்தூருக்கு அனுப்பலாம் என்ற கட்சியில் அம்மா ஒருத்திதான். ஒற்றை ஆள் என்றால் மூன்று நிமிடம் என்பது அப்பா டிவியில் பார்த்துப் பழகிய கணக்கு. அதே கணக்கை மத்தியானம் டிவி முன்னால் திட்டுகிறவர் காலையில் கூசாமல் எடுத்து வைத்தார். அவர் மட்டும் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு முடிவு சொல்வதாக நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

அக்காவுக்கு எத்தனை நிமிடம் என்று நான் கேட்டேன்.

"அவளப் பத்தித்தானே பேசுதோம். அவ எதுக்குப் பேசணும்?" என்றார் பெரியப்பா. அக்கா மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள்.

பெரியப்பா நிதானமாகப் பேசினார். நடுவில் காப்பி குடித்தார். ஆழ்வார்திருநகரியில் யார் வீட்டிலோ ஒரு பெண் வெளியூருக்குப் படிக்கப்போய் மஞ்சள்காமாலையோடு திரும்பி வந்த கதையைச் சொன்னார். ஒருவரும் குறுக்கே பேசவில்லை. சித்தப்பாக்கள் "அண்ணாச்சி சொல்லுததுதான் சரி" என்று முடித்துக்கொண்டார்கள். நேரம் மிச்சமே இருந்தது.

அடுத்து அம்மா. கணவருடைய அண்ணன் முன்னால் வந்து நேருக்கு நேர் பேசும் வழக்கம் எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கிடையாது. அடுக்களை வாசலில் கதவைப் பிடித்தபடி நின்று என்னைப் பார்த்துப் பேசினாள். நாடாளுமன்றத்திலும் சபாநாயகரைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்பது விதி. அன்றைக்கு விதிப்படி பேசியவள் அவள் ஒருத்திதான்.

"பெரியப்பாட்ட சொல்லுளா, பிள்ள ராத்திரி பகல்னு பாக்காம படிச்சிருக்கா."

பெரியப்பா அப்பா பக்கம் திரும்பினார். "அங்கன காய்ச்சல் தலவலின்னா யாரு பாக்கதுன்னு கேளு."

அப்பா அம்மாவிடம் கேட்டார். அம்மா என்னிடம், "ஹாஸ்டல்ல வார்டன் இருக்காங்கன்னு சொல்லுளா" என்றாள். நான் பெரியப்பாவிடம் சொன்னேன். பிறகு ஒரு சித்தப்பா எந்த பஸ்ஸில் போவாள் என்று கேட்டார். இன்னொருவர் அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்றார். ஒவ்வொரு கேள்வியும் அப்பா வழியாகப் போய், பதில் என் வழியாகத் திரும்பியது. கடிகார முள் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போது அம்மா கதவை விட்டுவிட்டு ஓரடி முன்னால் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. முதல் தடவையாகப் பெரியப்பாவையே பார்த்தாள்.

"நா பன்னெண்டு முடிச்சப்பம் எங்கப்பா என்னயக் கூப்ட்டு…"

நான் மணியடித்தேன். நன்றாக ஓங்கியே அடித்தேன்.

அம்மாவின் வாய் ஒரு நொடி அசைந்தது. சத்தம் வரவில்லை. "சரி" என்பதுபோலத் தலையாட்டிவிட்டு, காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"பெத்த தாய்னும் பாக்கலயே பாருங்கண்ணே!" என்று அப்பா பூரித்துப்போனார். பெரியப்பா என் தலையைத் தடவி, வாங்கி வந்திருந்த மக்ரூன் பொட்டலத்தை முழுசாக என்னிடமே கொடுத்தார். குறுக்கீட்டில் போன நேரத்தைக் கழிக்கக் கூடாது என்பது அப்பாவுக்கு அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்தது. ஆனால் அது டெல்லிக்கு மட்டும் உள்ள சட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா இங்கேயே பி.காம். படித்தாள். கெட்டுப்போய்விடவில்லை, நன்றாகத்தான் இருக்கிறாள். யாராவது கோயம்புத்தூர் என்றால் மட்டும் பேச்சை மாற்றுவாள். நான் இன்றைக்கும் பூஜை மணியைக் கையில் எடுப்பதில்லை.

மறுநாள் காலை அம்மா எனக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். "ஒங்கப்பா கூப்ட்டு என்னம்மா சொன்னாவ?" என்று கேட்டேன்.

அம்மா ரிப்பனை இறுக்கி முடிந்தாள். "அதான் மணியடிச்சாச்சுல்லா. இனி எதுக்குளா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மறுநாளும் என் மணிக்குக் கட்டுப்படுகிற அம்மா என்று எனக்கு ஒரே பெருமை. பள்ளிக்கூடத்தில் அன்று முழுக்க அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.