அணையாத பிரேக் விளக்கு

1993 அக்டோபர் 25, திங்கட்கிழமை, காலை ஏழேகால் மணி. விடியலில் பிடித்த தூறல் விடவில்லை. முடிச்சூர் வீட்டு வாசலில் காரைக் கிளப்பிக் கைபிரேக்கை இறக்கினேன். டேஷ்போர்டில் பிரேக்குக்கான சிவப்பு விளக்கு அணையவில்லை. ஆறு தடவை ஏற்றி இறக்கினேன். எரிந்துகொண்டே இருந்தது.

கார் பத்து வருஷப் பழசு, நான் மூன்றாவது சொந்தக்காரன். வேறு வாரமாக இருந்தால் அதை அப்படியே போட்டுவிட்டு பஸ்ஸில் போயிருப்பேன். ஆனால் வியாழக்கிழமை என் மனைவியின் அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். கூடுவாஞ்சேரியில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்தவருக்குத் தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. ஆட்டோவில் காலை நீட்ட முடியாது. டாக்ஸி என்றால் பயம். "மாப்பிள்ளை ஓட்டினா வரேன். அவரு முப்பதத் தாண்ட மாட்டாரு" என்று சொல்லிவிட்டார்.

"பிரேக் இல்லாத வண்டியிலயா எங்க அக்காவ ஏத்தப் போறீங்க?" என்றாள் மனைவி.

"பிரேக் இருக்கு. விளக்குதான் எரியுது."

"எதுக்கு எரியுது?"



தாம்பரம் மெக்கானிக்கிடம் ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன். அவர் பானெட்டைத் திறந்தார். "பிரேக் ஆயில் கம்மியா கீது சார், அதான்." ஆயில் ஊற்றினார். விளக்கு எரிந்தது. கைபிரேக்கை அழுத்திப் பார்த்தார். "கீழதான் கீது." ஆயுத பூஜைக்கு மனைவி அதன் கழுத்தில் சுற்றியிருந்த சாமந்திச் சரத்தில் படாமல், நுனியை மட்டும் இரண்டு விரலால் பிடித்தார். "பூஜை போட்ட பூ சார், நம்ம கை பட வேணாம்." நானும் மூன்று நாளாக அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பின் சக்கரங்களைக் கழற்றி, பிரேக் ஷூ தேய்ந்திருக்கிறது என்று மாற்றினார். விளக்கு எரிந்தது. "பேஜாரா பூட்ச்சு சார். பல்பப் புடுங்கிட்டா?" என்றார். எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை மாலை ஆஸ்பத்திரியில், விளக்கு விஷயத்தைச் சொல்லி டாக்ஸி பேச்சை எடுத்தோம். "அப்ப நான் இங்கயே கெடக்கறேன்" என்று அக்கா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வியாழன் காலை. போவதா வேண்டாமா என்று முடிவாகாமலே, அவள் பின் சீட்டில் பழைய போர்வையை விரித்தாள். காருக்குள் பூ அழுகிய வாடை. "நல்ல நாளா வீட்டுக்கு வரா, வாடின பூவுலயா முழிப்பா?" என்று கண்ணாடியிலிருந்த சரத்தை அறுத்தாள். கைபிரேக்கில் இருந்தது வரவில்லை. லீவரைத் தூக்கி வெடுக்கென்று இழுத்தாள். ஜன்னல் வழியாகக் கசிந்த மழையில் ஊறி இறுகிப் போன நார் முடிச்சு ஒன்று, நான்கைந்து காம்புகளோடு, லீவருக்கு அடியிலிருந்து வந்தது.

சாவியைத் திருப்பி லீவரை இறக்கினேன். விளக்கு அணைந்தது. அந்த முடிச்சை வாங்கி அடியில் வைத்து மறுபடி இறக்கினேன். எரிந்தது. எடுத்தேன். அணைந்தது. லீவர் முழுக்க இறங்கினால்தான் விளக்கு அணையும்; கடைசி அரை விரற்கடை இறங்கவிடாமல் அது தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தெருவில் முப்பது வேகத்தில் போய் நான்கு முறை பிரேக் அடித்துக் காட்டினேன். மனைவி ஏறி உட்கார்ந்தாள்.

குரோம்பேட்டை ஆஸ்பத்திரியிலிருந்து ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க அக்கா பின் சீட்டில் காலை நீட்டியபடி, "மாப்பிள்ளை, லைட்டு எரியுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"இல்ல."

"நல்லாப் பாத்து சொல்லுங்க."

பதினொரு தடவை கேட்டார். பதினொரு தடவையும் பார்த்துத்தான் சொன்னேன். வீட்டு வாசலில் இறக்கியபோது அவர் முகத்தில் வலி இருந்தது, பயம் இல்லை.

ஆயில் முப்பத்தெட்டு, ஷூ இருநூற்றுப் பத்து, கூலி நூற்றிருபது, சாமந்தி இரண்டு முழம் நான்கு. மொத்தம் முன்னூற்று எழுபத்திரண்டு ரூபாய்.